கட்டுச்சோறு

படிக்கட்டின் அடியில், கம்பளிச் சட்டைகளுக்கும்
உப்புப் பூத்த பூட்ஸ்களுக்கும் நடுவே
எங்கள் சர்வர்.
பள்ளிக்கூடம் கழித்துப் போட்ட கணினி,
மூடி இல்லை, நாலு வட்டு.
அதில் ஒன்று மட்டும் அவ்வப்போது
பல்லைக் கடிக்கும்.

விடிகாலை நாலுக்குக் கப்பல்.
கிளாக்ஸ்விக் துறையிலிருந்து பேரன்ட்ஸ் கடலுக்கு.
சுன்னுவா இயந்திர அறையில் இரண்டாம் ஆள்.
இப்போது மாடியில் தூங்குகிறாள்,
அவள் போன் என் கையில்.
நாற்பத்தொரு நாளைக்குக் கட்டுச்சோறு.

மீதி இடம் ஒன்பது ஜிபி.

மின்கட்டண உறையின் முதுகில்
அவள் எழுதித் தந்த பட்டியல்:
துப்பறியும் தொடர், இரண்டாம் பருவம் முழுக்க.
டீசல் பம்பு பழுது பார்ப்பது, ஆறு காணொளி.
ஏதாவது சிரிப்பு.
யோஹில்டின் பள்ளி நாடகம்.
கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு,
இரண்டாவது காகிதத்தைக் கிழித்திருந்தது.

நாடகம் மட்டுமே பதினொரு ஜிபி.
மகள் அதில் மூன்றாவது அலை.
நீலத் துணியை ஆட்டியபடி இரண்டு வரி சொல்ல வேண்டும்,
ஒன்றை மறந்துபோவாள்.
சுருக்கு என்றேன் சர்வரிடம்.
கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பதெல்லாம்
கடுகுக்குத்தான்.
முகங்கள் கட்டம் கட்டமாய் உதிர்ந்தன,
நீலத் துணி மட்டும் நீலமாகவே இருந்தது.
கொஞ்சம் தளர்த்தி, மறுபடி. இன்னும் கொஞ்சம்.
ஒன்றேகால் மணிக்கு,
அவள் மறக்கும் இடத்தில்
உதடு தேடுவது தெரிந்தது.
போதும்.

அனுப்பத் தொடங்கினேன்.
இந்த போனுக்கு ஒரு குணம்:
திரை அணைந்தால் இறக்கமும் நின்றுவிடும்.
அமைப்புகள் எல்லாவற்றையும் துழாவிப் பார்த்தாயிற்று.
எனவே சமையலறை மேசையில் உட்கார்ந்து
அரை நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுக்கொண்டிருந்தேன்.
பிள்ளையைக் கிள்ளும் வேலை மட்டும்,
தொட்டில் ஆட்டக் கிடையாது.

அறுபத்திரண்டு விழுக்காடு.
ஜன்னலில் காற்று. நீருக்கு அப்பால்
குனோய் மலையடியில் யார் வீட்டிலோ விளக்கு.
அறுபத்திரண்டு.
அறுபத்திரண்டு.

இடம் தீர்ந்துவிட்டது.

போன பயணத்துக் கோப்புகளை அழிக்கப் போனேன்.
அவள் கரை வந்த அன்றே, செருப்பைக் கழற்றும் முன்பே,
போன் சர்வரிடம் எல்லாம் ஒப்பித்திருக்கிறது,
எதை எதுவரை பார்த்தாள் என்று.
முதல் பருவம், எட்டாம் பாகம்:
ஒன்பது முறை திறந்து
நாலு நிமிடத்தைத் தாண்டியதில்லை. தூக்கம் அப்படி.
நான் தேடிப்பிடித்த சமையல் போட்டி:
சீண்டவே இல்லை.
'சோதனை 2': முப்பத்தேழு முறை, முழுசாக.

என்ன அது?
திறந்து கேட்டேன்.
மைக் வேலை செய்கிறதா என்று எப்போதோ பிடித்தது,
தப்பிப்போய்ப் பெட்டியில் ஏறிவிட்டது.
ஐம்பது நொடி. தட்டுக் கழுவுகிறேன்.
குழாயைத் திட்டுகிறேன்.
தூரத்தில் யோஹில்ட்: கத்தரிக்கோல் எங்கே?
நான்: எனக்கென்ன தெரியும்.
அவ்வளவுதான்.

சுன்னுவா இதைப் பற்றி மூச்சுவிட்டதில்லை.
வந்த மூன்றாம் நாள் அதே குழாய்க்காகச்
சண்டை போட்டோம்.

இன்னொன்று பிடித்துவைக்கலாமே என்று எழுந்தேன்.
குழாயைத் திறந்தேன். ஒரு தட்டைத் தட்டினேன்.
திட்ட வார்த்தை வரவில்லை,
வந்ததும் வானொலி நாடகம்போல் இருந்தது.
அழித்துவிட்டேன்.

எட்டாம் பாகம் போயிற்று. சமையல் போட்டி போயிற்று.
இன்னும் ஒரே ஒரு பாகத்துக்கு இடம் பற்றவில்லை.
'சோதனை 2'இன் மேல் விரல் போகவில்லை,
அதை எடுத்தாலும் கடுகளவுதான் கிடைக்கும்.
இரண்டாம் பருவத்தின் கடைசிப் பாகத்தை நீக்கினேன்.
கொலைகாரன் நாற்பத்தொரு நாள்
இங்கேயே இருக்கட்டும்,
பூட்ஸ்களோடு.

மூன்று பத்துக்கு இறங்கி வந்தாள்,
தலைமுடி ஒரு பக்கமாய் நின்றது.
பம்பு வந்ததா?
வந்தது.
அலை?
மூன்றாவது அலை, சொல்ல மறப்பதுவரை.
தொடர் கடைசிவரை இருக்கிறதல்லவா?
இருக்கிறது, என்றேன்.

படிக்கட்டின் அடியில்
வட்டு ஒருமுறை பல்லைக் கடித்தது.